காணாமல் போன எடை

எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையின் பெண்கள் நல மேம்பாட்டுக் குழுவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப் போவதில்லை. குழுவில் இருந்த எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் ஆண்கள். உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி அவர்கள் கூடிப் பேசிய முதல் நாளே விருந்து இருந்தது. பேக்கிங் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பரிமாறச் சொன்னார்கள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். எடுத்துக்கொண்ட வேலையை முழுசாக முடிக்கிறவர்கள் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

குழு பிறந்த கதை சின்னதுதான். வெளியூர் மொத்த வியாபாரிகள் சிலர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். எங்கள் வாசலில் ஒரு பெரிய விளம்பரத் தகரம் உண்டு. அதில் ஒரு பெண் விரல் நுனியில் பிஸ்கட்டைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பாள். பிஸ்கட்டின் அகலத்துக்கும் அவள் இடுப்பின் அகலத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அவளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்த வியாபாரிகள், அடுப்புப் பக்கம் வியர்த்து வழிந்துகொண்டு நின்ற எங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. மறுவாரம் எங்களையெல்லாம் கேன்டீனில் கூட்டி வைத்து மேனேஜர் பேசினார். குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"பொம்பளைங்கதான் இந்த நிறுவனத்தோட அஸ்திவாரம்," என்றார். "அஸ்திவாரம் கனமா இருக்கலாமா? நீங்களே யோசிங்க."

நாங்கள் யோசித்தோம். கேன்டீன் சுவருக்குப் பூச்சு வேலை செய்ய வந்திருந்த கொத்தனாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"பிஸ்கட் தின்னா குண்டாயிடுவோம்னு ஜனங்க நினைச்சிடக் கூடாது. அப்படி நினைக்காம இருக்கணும்னா என்ன செய்யணும்? பிஸ்கட் செய்யறவங்க பிஸ்கட் தின்னக் கூடாது. நாங்க நல்லாப் பேசி எடுத்த முடிவு இது. உங்க ஆரோக்கியத்துக்காகத்தான். வியாபாரிங்க மறுபடி வர்றதுக்குள்ள நீங்க ஆரோக்கியமாயிடணும்."

கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். ஆண்டு விழாவுக்குள் எல்லாப் பெண்களும் 'தகுதி எடை'க்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நெட்டைக்கும் குட்டைக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் ஒரே எடை. அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று நான் கேட்டேன். வாசலில் இருக்கும் பெண்ணைப் பார்த்துத்தான் என்றார்கள். அவள் தகரத்தில் வரையப்பட்டவள் என்பதை நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்களுக்கெல்லாம் இது தலைவலி என்றால் ருசிக்காரி அக்காவுக்குத் தலையே போகிற விஷயம். அவளுடைய வேலையே தின்பதுதான். ஒவ்வொரு ஈடும் அடுப்பிலிருந்து இறங்கியதும் ஒரு தட்டு ருசிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அவளிடம் போகும். உடைத்துப் பார்ப்பாள், முகர்வாள், கடிப்பாள், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் பொறுப்பாள். அவள் "போகட்டும்" என்றால்தான் சரக்கு பேக்கிங்குக்கு வரும். "வேண்டாம்" என்றால் மொத்த ஈடும் மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். ஒருமுறை முதலாளியின் சம்பந்தி அனுப்பிய வெண்ணெயில் செய்த ஈட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முதலாளியே வந்து நின்று கேட்டார். அவருக்கும் அதே பதில்தான்.

வீட்டில் அக்காவைக் கேட்டு ஒரு துரும்பும் அசையாது. எந்த வீட்டுக்குக் குடிபோவது, மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எல்லாம் வீட்டுக்காரரும் நாத்தனாரும் பேசி முடித்துவிட்டு இவளிடம் சேதி சொல்வார்கள். அந்த ருசிக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த நாற்காலியைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அவள்தான். ஆகவே குழு அவளுக்கென்று ஒரு வரி தனியாகச் சேர்த்தது: தகுதி எடைக்கு வராவிட்டால் நாற்காலி வேறொருவருக்கு. அக்கா அதைக் கேட்டுவிட்டு வந்து, பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. "அது போச்சுன்னா எனக்குன்னு என்னடி இருக்கு?" என்றாள்.

திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பு. தொழிற்சாலையில் இருந்த ஒரே எடை மேடை மாவுக் குடோனில் இருந்ததால் எங்களை அங்கே வரிசையாக நிறுத்தினார்கள். செருப்பு, வாட்ச், கொண்டை ஊசி, காதில் கிடப்பது எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் நாலு மூட்டை மைதா, பின்னால் நாலு மூட்டை சர்க்கரை, நடுவில் நாங்கள். குடோன் கணக்கர் வயதானவர், காது மந்தம், வேலையில் அப்பழுக்கு சொல்ல முடியாது. மூட்டைக்குச் சாக்கு எடையைக் கழிப்பதுபோல எங்களுக்கும் கழித்தார். நாங்கள் சாக்கு கட்டியிருக்கவில்லை என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கிடைத்ததை ஏன் விட வேண்டும்?

கேன்டீனும் மாறியது. பெண்கள் வரிசைக்கு மட்டும் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வைத்தார்கள். அதைத் தாண்டித்தான் தட்டு எடுக்க வேண்டும். தட்டில் வெள்ளரிக்காய்த் துண்டு, வேகவைத்த முட்டைக்கோஸ், ஒரு அறிவுரை. அடுத்த மேசையில் ஆண்கள் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். எங்கள் மனவுறுதியைச் சோதிப்பதற்காகவே அவர்களை அங்கே உட்கார வைத்திருப்பதாகத் தலைவர் விளக்கினார். ஆண்களும் இந்தச் சோதனைக்கு முகம் கோணாமல் ஒத்துழைத்தார்கள்.

'பசி' என்ற சொல்லைத் தொழிற்சாலைக்குள் சொல்லக் கூடாது என்று அடுத்த சுற்றறிக்கை. பசித்தால் 'முன்னேறிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மாவு பிசையும் பிரிவில் ஒரு பெண் வேலை நடுவில் மயங்கி விழுந்தாள். அது 'அதிவேக முன்னேற்றம்' என்று பதிவாகி, மறுநாள் அவளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். அதில் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அக்காவின் வேலைக்கு என்ன செய்வது என்று குழு பல முறை கூடியது. கூடின நாளெல்லாம் விருந்துதான். முதலில், கடித்து மென்றுவிட்டுத் துப்ப வேண்டும் என்றார்கள். துப்பியதை அளந்து பார்த்தபோது, கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்ததால் அக்காவுக்கு எச்சரிக்கை போயிற்று. பிறகு நாக்கு நுனியால் தொட்டால் போதும் என்றார்கள். பிறகு முகர்ந்தால் போதும் என்றார்கள். கடைசியில் தலைவரே வந்து, "இத்தனை வருஷ அனுபவம் இருக்கேம்மா, பாத்தாலே தெரியாதா?" என்று வாஞ்சையோடு கேட்டார். அக்கா தட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் பிஸ்கட்டே கூச்சப்பட்டிருக்கும்.

வீட்டிலும் குழு விட்டுவைக்கவில்லை. குடும்பத்தார் ஒத்துழைக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு போனது. அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர். மனைவி கண்ணில் சாப்பாடு பட்டால்தானே ஆசை வரும் என்று, அவள் பங்கையும் சேர்த்துத் தானே சாப்பிட ஆரம்பித்தார். "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படறேன்," என்று ஒவ்வொரு ராத்திரியும் கை கழுவும்போது சொல்வாராம். நாத்தனார் வந்து போகும்போதெல்லாம் அக்காவைத் திருப்பித் திருப்பி நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் பாக்கற மாதிரி இருக்க. இன்னும் கொஞ்சம் இளைச்சா எங்க தம்பிக்குப் பொருத்தமா இருப்ப," என்று சொல்லிவிட்டுப் போவாளாம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொருத்தம் இப்போதுதான் பார்க்கிறார்கள்.

அக்கா இளைத்தாள். கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது. படியேறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. கேன்டீன் கண்ணாடிக்கு முன்னால் நின்று இல்லாத வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வாள். பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வெறும் வயிறு என்பதால் கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது. "அக்கா, நாற்காலியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், சாப்பிடுக்கா," என்று சொல்லிப் பார்த்தேன். "விழா முடியட்டும்டி. ஒருதரம் அந்த எடைக்கு வந்து காட்டிட்டா அப்புறம் நாற்காலி நிரந்தரம்னு சொல்லியிருக்காங்க," என்றாள்.

இந்த நேரத்தில்தான் குடோன் கணக்கரால் ஒரு சிக்கல் வந்தது. அவருடைய குடோனில் எடை குறைந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. வாராவாரம் எங்கள் எடை குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்துப் பயந்துபோய், மூட்டை குறைந்தால் எழுதும் அதே வாசகத்தில் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்: குடோன் மேடையில் நிறுத்தப்பட்ட சரக்கில் தொடர்ந்து எடைக் குறைவு காணப்படுகிறது, எலியோ திருட்டோ தெரியவில்லை, விசாரிக்கவும். மேலிடம் எதையும் படித்துவிட்டு முடிவெடுக்கிற இடம் இல்லை. விசாரணைக் குழு போட்டுவிட்டது.

எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, குறைந்த எடை எங்கே போனது என்று கேட்டார்கள். நலக் குழு குறைக்கச் சொன்னதால் குறைத்தோம் என்றோம். குறைக்கச் சொன்னது சரி, குறைத்ததை என்ன செய்தீர்கள் என்றார்கள். வேலை நேரத்தில் குறைந்திருந்தால் அது நிறுவனத்துடையது அல்லவா? குறைந்தது இவ்வளவு, இன்ன தேதியில் இன்ன இடத்தில் குறைந்தது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஒரு அதிகாரி பெரிய மனது பண்ணி வழி சொன்னார். "எங்களை நீங்க எதிரியா நினைக்காதீங்க. போன பொருள் போகட்டும். ஆனா போனதுக்கு ஒரு கணக்கு வேணுமில்ல? நாளைக்கு யாராவது கேட்டா நாங்க எதைக் காட்டறது?" என்றார். அவர் கண்கலங்கினாற்போல் இருந்தது.

அதிகம் குறைந்தவள் அக்கா என்பதால் அவள் வீட்டுக்காரரையும் வரவழைத்தார்கள். அவர் எடை மேடையில் ஏறினார். குடோன் கணக்கர் பார்த்தார், மறுபடி பார்த்தார், பழைய கல்யாணப் போட்டோவைக் கொண்டுவரச் சொல்லி அதையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. சரக்கு வெளியே எங்கும் போகவில்லை, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறியிருக்கிறது, அதே வீட்டுக்குள்தான் இருக்கிறது, நிறுவனத்துக்கு இழப்பு இல்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். வீட்டுக்காரருக்குப் பொருளைப் பத்திரமாக வைத்திருந்ததற்காக நன்றி சொன்னார்கள். அவரும் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டாற்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

இதற்கிடையில் எங்கள் யாருக்கும் தெரியாமல் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ருசிக்கூடத்திலிருந்து "வேண்டாம்" என்ற சத்தம் வருவது நின்றுவிட்டது. பார்த்து மட்டும் சொன்ன காலம் போய், சரக்கு தேங்குகிறது என்று மறுபடி நாக்கு நுனியால் தொட அனுமதித்திருந்தார்கள். எந்த ஈட்டைக் கொண்டுபோனாலும் அக்கா தொட்டுவிட்டு, கண்ணை மூடி, "ஐயோ, எவ்வளவு நல்லா இருக்கு" என்பாள். அடி தீய்ந்ததும் நல்லா இருந்தது. வேகாததும் நல்லா இருந்தது. அடுப்புக்காரர்கள் முதலில் மகிழ்ந்தார்கள், பிறகு முழித்தார்கள். மூன்று வேளை பட்டினி கிடக்கிறவளிடம் போய்ப் பண்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவள் வேறென்ன சொல்வாள்? ஆனால் குழு அதை அப்படிப் பார்க்கவில்லை. கழிவே இல்லாத மாதம் என்று தலைவர் படம் போட்டுக் காட்டினார். பெண்கள் இளைக்க இளைக்கத் தரம் கூடுகிறது, ஆதாரம் கண்ணெதிரே இருக்கிறது என்றார்.

பூங்கொத்து வாங்கிய பெண் ஒருநாள் தலைசுற்றலில் சர்க்கரை என்று நினைத்து உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டாள். அந்த ஈடு அக்காவிடம் போனது. தொட்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு வந்ததே இல்ல. போகட்டும்," என்றாள். போயிற்று. கடைகளுக்கெல்லாம் போயிற்று.

திரும்பி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். லாரி லாரியாக வந்து இறங்கியது. ஒரு கடிக்கு மேல் யாராலும் தின்ன முடியவில்லை என்று எல்லாக் கடைக்காரர்களும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருந்தார்கள். அக்கா தொலைந்தாள், அந்தப் பெண்ணும் தொலைந்தாள் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். தலைவர் அந்தக் கடிதங்களைப் படித்தார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஒரு கடிக்கு மேல சாப்பிட முடியலையாமே," என்றார். "இதைத்தானேய்யா நாம இவ்வளவு நாளா தேடிட்டு இருந்தோம்."

அப்படிப் பிறந்ததுதான் 'ஒரு கடி' பிஸ்கட். இளைக்க விரும்பும் பெண்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது. திரும்பி வந்த அதே பாக்கெட்டுகளின்மேல் புது உறையை நாங்கள்தான் ஒட்டினோம். உறையில் தகரத்துப் பெண் இருந்தாள், முன்பைவிட இன்னும் மெலிந்து. விலையை உயர்த்திவிட்டார்கள். விழாவன்று வியாபாரிகள் முன்னால் வெளியீடு என்று முடிவாயிற்று.

விழா மேடையில் பூ அலங்காரம், மைக், முன்வரிசையில் வியாபாரிகள். மேடைக்குப் பக்கத்து அறையில் குழுவுக்கான விருந்து தயாராக மூடி வைத்திருந்தது. அதன் வாசனை கூடம் முழுக்கப் பரவி, எங்கள் வரிசையில் ஒருத்தி விடாமல் முன்னேறிக்கொண்டிருந்தோம். அக்கா அன்று காலையில்தான் தகுதி எடையைத் தொட்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலைவர் அவளை மேடைக்கு அழைத்து, கழுத்தில் மெடல் போட்டு, நாற்காலி நிரந்தரம் என்ற உத்தரவைக் கையில் கொடுத்தார்.

"இவங்களைப் பாருங்க," என்று வியாபாரிகளிடம் சொன்னார். "ஒரு காலத்துல நாள் பூரா பிஸ்கட் தின்னுட்டிருந்தாங்க. இன்னைக்கு ஒரு பிஸ்கட்டைக் குடுத்தா ஒரு கடி கடிச்சுட்டுக் கீழ வெச்சிடுவாங்க. அந்தக் கட்டுப்பாட்டை நாங்க குடுத்தோம். இப்ப நீங்களே பாக்கப் போறீங்க."

ஒரு வெள்ளித் தட்டில் 'ஒரு கடி' பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார்கள். அக்கா ஒன்றை எடுத்தாள். கடித்தாள். கண்ணை மூடினாள். தலைவர் கைதட்டத் தயாராகக் கைகளை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா கீழே வைக்கவில்லை. மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். மெல்லாமல் விழுங்கினாள். மாட்டுக்குக்கூடப் போடத் தயங்குகிற அந்த உப்புப் பண்டத்தை, கன்னத்தில் தண்ணீர் வழிய வழிய, தட்டில் சிந்திய தூளையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்றாள். வியாபாரிகள் வாயைப் பிளந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார், ஆனால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ருசியாக இருக்கிறது என்றால் இளைப்புப் பிஸ்கட் போச்சு. ருசியாக இல்லை என்றால் இவள் ஏன் தின்கிறாள் என்று சொல்ல வேண்டும். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மைக்குக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது? உத்தரவு கையில இருக்கு," என்று மட்டும் அடிக்குரலில் சொன்னார். மைக் அதைக் கூடம் முழுக்கச் சொல்லிவிட்டது.

அக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதை வெள்ளித் தட்டில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"நாற்காலி இருக்கட்டும் சார்," என்றாள். "இன்னொரு பாக்கெட் இருக்கா?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. பரிமாறத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மூடியிருந்த பாத்திரங்களைத் திறந்து, ஒரு பெரிய தட்டு நிறையச் சூடாகப் போட்டுக்கொண்டு நேராக மேடைக்குப் போய் அக்காவை உட்கார வைத்து அவள் மடியில் வைத்தேன். என் பின்னாலேயே பேக்கிங் பிரிவு மொத்தமும் அந்த அறைக்குள் போய்விட்டது. மாவுப் பிரிவுப் பெண் ஒரு பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். குழு உறுப்பினர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் முன்னேற ஆரம்பித்திருக்க வேண்டும்.

அக்கா முதலில் அவசர அவசரமாகத்தான் சாப்பிட்டாள். "மெதுவாக்கா, யாரும் பிடுங்க மாட்டாங்க," என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். தண்ணீர் குடித்தாள். பாதித் தட்டு காலியான பிறகு வேகம் குறைந்தது. முக்கால் தட்டில் நிறுத்தி, நீளமாக ஒரு மூச்சு விட்டு, சுற்றிலும் பார்த்தாள். முழு வயிற்றோடு அவளைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது!

மேடையில் அவள் பக்கத்தில் இன்னொரு 'ஒரு கடி' பாக்கெட் பிரித்தபடி கிடந்தது. அக்கா கை நீட்டி ஒன்றை எடுத்தாள். நான் தடுக்கப் போனேன், விலக்கிவிட்டாள். காதருகில் வைத்து உடைத்தாள். முகர்ந்தாள். ஓரத்தில் ஒரு சின்னக் கடி கடித்து, கண்ணை மூடிக்கொண்டு பொறுத்தாள். அவள் புருவம் மெல்லச் சுருங்கியது. கைக்குட்டையில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, முதலாளியையே நிற்க வைத்த அந்தப் பழைய குரலில் கேட்டாள்.

"இதை யாரு வெளிய அனுப்பினது?"

மாவுப் பிரிவுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் என் முகத்தில் அவள் பார்வை நின்றது. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். கையில் மீதியிருந்த பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்; 'போகட்டும்' என்று சொன்னது யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு கழுத்திலிருந்த மெடல் தட்டில் இடிக்காதபடி முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, தட்டை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வை," என்றாள்.